திறப்பு யாரிடம்?

கூண்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கம்பியைத்தான் பார்க்கிறார்கள். நான் பூட்டைப் பார்க்கச் சொல்கிறேன். கம்பி எவ்வளவு தடிப்பு, கூண்டு எவ்வளவு உயரம், உள்ளே இருப்பவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்பதெல்லாம் பிறகு. முதலில் இரண்டு கேள்விகள். உள்ளே இருப்பவர் தன் விருப்பத்தில் போனாரா? வெளியே வரவேண்டும் என்று நினைத்த கணத்தில் அவரால் வர முடியுமா? இரண்டுக்கும் 'ஓம்' என்றால் அது விளையாட்டு. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அது சிறை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்க மறுப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் பொருளைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இதைப் பப் ப்ளே என்கிறார்கள். நான் நாய்க்குட்டி விளையாட்டு என்று எழுதுகிறேன். வயது வந்தவர்கள், தாமாக விரும்பி, சில மணி நேரம் மனிதப் பேச்சை விட்டுவிட்டு நாய்க்குட்டியாக இருப்பது. முழங்காலுக்குத் தடித்த உறை, முகத்துக்கு ரப்பரிலோ தோலிலோ செய்த நாய் முகமூடி, கழுத்துக்கு ஒரு பட்டி. பந்தைத் துரத்துவது, குரைப்பது, இன்னொருவரின் காலடியில் சுருண்டு படுப்பது. கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஹாண்ட்லர் என்று பெயர். சிலருக்கு இதில் காமம் உண்டு, சிலருக்கு இல்லை. உண்மையான விலங்குகளுக்கோ சிறுவர்களுக்கோ இதில் எந்த இடமும் கிடையாது. தோலாடை அணியும் ஓர்பால் ஆண்களின் பண்பாட்டிலிருந்து கிளைத்தது. 2016இல் சனல் 4 'சீக்ரெட் லைஃப் ஆஃப் த ஹியூமன் பப்ஸ்' என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியபோது பிரித்தானியாவின் வரவேற்பறைகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

நான் இதில் பல ஆண்டுகளாக இருப்பவன். நாற்பதுகளில் இருக்கிறேன். முதுகலை படிக்க இங்கிலாந்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். கிழமை நாட்களில் பெரிய நிறுவனங்களின் கணினி அமைப்புகள் எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். சில சனிக்கிழமைகளில் ஒரு கூண்டுக்குள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு படுத்திருப்பேன். இதை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதவில்லை. பேசுகிறவனுக்குப் பொருள் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

கூண்டு ஏன்? பிரித்தானிய வீடுகளில் நாய் வளர்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு விசித்திரமாக இராது. வீட்டு மூலையில் கம்பிக் கூண்டு ஒன்று இருக்கும். உள்ளே மெத்தை, மேலே ஒரு துணி. நாயை நன்றாக வளர்க்கத் தெரிந்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: அது தண்டனைக்கான இடமாக இருக்கக்கூடாது. நாய் எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அது தானாகப் போய்ப் படுக்கும் இடமாக இருக்கவேண்டும். வீட்டில் விருந்தினர் சத்தம் கூடினால் நாய் தானே எழுந்துபோய் அதற்குள் படுத்துக்கொள்ளும். மனிதக் குட்டிக்கும் அதேதான். கூண்டுக்குள் தொலைபேசி அடிக்காது. எவரும் ஒரு முடிவைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பமாட்டார்கள். நல்ல மகனாக, நல்ல ஊழியனாக, நல்ல குடிவரவாளனாக நடிக்கவேண்டிய தேவை அந்த முப்பது நிமிடங்களுக்கு இல்லை. லியாம் விக்னல், மார்க் மக்கோர்மக் என்ற இரு ஆய்வாளர்கள் 30 ஆண்களை நேர்கண்டு 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காமம் மட்டுமன்றி ஓய்வும் தோழமையும் அந்த நேர்காணல்களில் வருகின்றன. எனக்கு அது புதினமாக இருக்கவில்லை.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். மிகக் கனமானதை முதலில் எடுக்கிறேன்.

ஓர் இலக்கியக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில், என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர், நான் மதிக்கும் வாசகர், இந்தப் பேச்சு எப்படியோ வந்தபோது சொன்னார்: "தம்பி, நாங்கள் முள்ளுக்கம்பிக்குள்ள இருந்து வந்த சனம். இவங்கள் காசு குடுத்துக் கூடு வாங்கிப் படுக்கிறாங்கள். எங்களைப் பாத்துச் சிரிக்கிற மாதிரிக் கிடக்கு."

இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 2009இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ 3 லட்சம் பேர் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் மிகப் பெரியது மெனிக் பாம். அது மூடப்பட 2012 செப்டெம்பர் ஆயிற்று. கனடாவுக்கென்று புறப்பட்ட படகு பழுதாகி 2021 ஒக்டோபரில் டியேகோ கார்சியாவில் கரைசேர்ந்த தமிழர்கள், பிரித்தானியரின் காவலில் ஆண்டுக்கணக்காக ஒரு கூடார முகாமுக்குள் கிடந்தார்கள். அது சட்டவிரோதத் தடுப்பு என்று அந்தப் பிரதேசத்தின் உயர் நீதிமன்றம் சொல்ல 2024 டிசெம்பர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பிரித்தானியாவில் குடிவரவுத் தடுப்புக்கு இன்றைக்கும் சட்டத்தில் பொதுவான நாள் எல்லை கிடையாது. எவரையும் இத்தனை நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணை எழுதிவைக்க இந்த நாட்டுப் பாராளுமன்றம் இன்னும் மனங்கொள்ளவில்லை.

அந்த அண்ணைக்கு என் பதில் இது. முள்ளுக்கம்பியின் கொடுமை கம்பியில் இருக்கவில்லை. உங்களைக் கேட்காமல் உள்ளே விட்டதில் இருந்தது. எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாததில் இருந்தது. 'போதும்' என்ற உங்கள் சொல்லுக்கு வாசலில் நின்றவன் காது கொடுக்காததில் இருந்தது. கேட்டு உள்ளே போவதும், நேரம் தெரிந்திருப்பதும், சொன்னவுடன் கதவு திறப்பதும் உங்களுக்கு அன்று மறுக்கப்பட்டவை. ஒழுங்கான ஒரு விளையாட்டுக் கூண்டில் இந்த மூன்றும் இருந்தே ஆகவேண்டும். இதில் ஏளனம் எங்கே இருக்கிறது? முகாமை நடத்தியவன் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாத விதிகளைத்தான் இரண்டு பேர் ஓர் அறைக்குள் தமக்குள்ளே வகுத்துக்கொள்கிறார்கள்.

அதே பொருள், அதே தோற்றம், நேரெதிர் அர்த்தம். 2004இல் அபு கிரைப் சிறையின் படங்கள் வெளிவந்தன. நிலத்தில் கிடக்கும் ஒரு கைதி, கழுத்தில் வார், வாரின் மறுமுனை ஒரு அமெரிக்கப் படையினரின் கையில். அதைப் பார்த்துவிட்டு எவரும் வாரைத் தடைசெய்யக் கேட்கவில்லை. சித்திரவதையைத்தான் கண்டித்தார்கள். பொருளையும் செயலையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரியும். காமம் என்று வரும்போது மட்டும் அந்தத் தெளிவைக் கழற்றிவைத்துவிடுகிறோம்.

இரண்டாவது எதிர்ப்பு 'நாய்' என்ற சொல். தமிழில் இதைவிட மலிந்த வசை இல்லை. சாதியின் பெயரால் எத்தனை பேரை இந்தச் சொல்லால் அடித்திருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இதே மொழியில்தான் மாணிக்கவாசகர் திருவாசகம் நெடுகத் தன்னை நாய் என்று சொல்லிக்கொள்கிறார். மார்கழியில் அதைக் கண்ணீரோடு பாடுகிறோம். பைரவரின் வாகனத்துக்கு மாலை போடுகிறோம். உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசி வால் கட்டிக்கொண்டு தெருவில் நான்கு காலில் பாயும் புலியாட்டக்காரனைப் பார்த்து 'மனிதத் தன்மையை இழந்துவிட்டான்' என்று எவரும் கவலைப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. இன்னொருவன் என்னை நாய் என்றால் அது இழிவு. நானே எடுத்துக்கொண்ட வேடம் என்னுடையது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களாக நாம் இருந்ததில்லை.

மூன்றாவது எதிர்ப்பு மருத்துவ மொழியில் வரும்: 'இது ஒரு மனநோய்தானே?' 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேடு, வழமைக்கு மாறான விருப்பம் வேறு, அதனால் தனக்கோ பிறருக்கோ கேடு விளையும் நோய்நிலை வேறு என்று பிரித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்திய பதிப்பில் நோய்களாக நின்ற இருவர் சம்மதத்திலான சாடோ-மசோகிசமும் ஃபெடிஷிசமும் அதில் இல்லை. வாட்ஸப்பில் மூலிகைக் குறிப்பு அனுப்பும் மாமாவுக்கு இது எட்டியிராது. வைத்தியர்களாக இருக்கும் நம் நண்பர்களுக்கு எட்டியிருக்கவேண்டும்.

நான்காவது எதிர்ப்பு சட்டம். இங்கே நான் பிரித்தானியச் சட்டத்தோடு கொஞ்சம் சண்டைபிடிக்க வேண்டியிருக்கிறது.

1987இல் மஞ்செஸ்டர் பொலிசாரின் கையில் ஒரு வீடியோ கிடைத்தது. கொலையோ சித்திரவதையோ என்று பயந்து விசாரணை தொடங்கினார்கள். பார்த்தால் ஆண்கள் சிலர் தமக்குள் விரும்பிச் செய்துகொண்ட வலி விளையாட்டு. ஒருவரும் பொலிசில் முறையிடவில்லை. எவருக்கும் நிரந்தரக் காயமும் இல்லை. ஆனாலும் தண்டித்தார்கள். 1993 மார்ச்சில் பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், சம்மதம் இங்கே எதிர்வாதம் ஆகாது என்று தீர்த்தது. 1997இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதில் உரிமை மீறல் இல்லை என்றது. இந்த இரண்டுக்கும் இடையில், 1996இல், வேறொரு வழக்கு. ஒரு கணவன், மனைவி கேட்டுக்கொண்டபடி, அவளுடைய பின்புறத்தில் சூடாக்கிய கத்தியால் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தான். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவனை விடுவித்தது. கணவன் மனைவிக்கு இடையே வீட்டுக்குள் சம்மதத்தோடு நடப்பது குற்றவியல் விசாரணைக்குரிய விடயமல்ல என்பது அதன் சாரம். ஓர்பால் ஆண்களின் சம்மதம் செல்லாது. தாலி கட்டிய வீட்டின் சம்மதம் செல்லும். சட்டம் காயத்தை அளந்ததா, ஆட்களை அளந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

கூண்டு விடயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கூண்டு காயத்தை உண்டாக்குவதில்லை; நடமாட்டத்தை மட்டும் நிறுத்துகிறது. அதனால் அது வேறொரு குற்றத்தின் எல்லைக்குள் வருகிறது: சட்டவிரோதமாக அடைத்துவைத்தல். அந்தக் குற்றத்தில் சம்மதம்தான் அச்சாணி. சம்மதம் இருக்கும்வரை குற்றம் இல்லை. சம்மதத்தை மீளப் பெற்றபிறகும் பூட்டு பூட்டியே இருந்தால் அந்தக் கணத்திலிருந்து குற்றம். வலி விளையாட்டில் தடுமாறிய சட்டம், கூண்டின் வாசலில் மட்டும் சரியான கேள்வியைக் கேட்கிறது. நான் தொடக்கத்தில் கேட்ட அதே கேள்வி.

மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன். 'அவள் கேட்டுத்தான் செய்தேன்' என்று பெண்களைக் கொன்ற ஆண்கள் நீதிமன்றங்களில் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் 2021ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டம், காம இன்பத்துக்காகக் கடுங்காயத்துக்குச் சம்மதித்தார் என்ற எதிர்வாதம் செல்லாது என்று 71ஆம் பிரிவில் எழுதிவைத்தது. அந்தப் பிரிவை எழுதவைத்த பெண்களோடு எனக்குச் சண்டை இல்லை. சம்மதம் என்ற சொல்லைக் கொலைகாரன் திருடினால், அந்தச் சொல்லை இன்னும் கவனமாகப் பாதுகாக்கவேண்டியவர்கள் அதை நம்பி வாழும் நாங்கள்தான்.

இது என்னை என் சொந்த ஆட்களிடம் கொண்டுவருகிறது. இந்தக் கட்டுரையின் கடுமையான பகுதி அவர்களுக்குத்தான்.

கூண்டைப் பற்றி எங்களுக்குள்ளே ஒரு கெட்ட கவிதை உலவுகிறது. 'உண்மையான அடைப்பு' என்று அதற்குப் பெயர். வெளியே வர வழி இருந்தால் அது அடைப்பே இல்லையாம். நிறுத்தச் சொல் வைத்திருப்பவன் முழுமையாகச் சரணடையாதவனாம். ஹாண்ட்லர் வீட்டைவிட்டு வெளியே போய்விடவேண்டுமாம். அந்தப் பயம்தான் சுகமாம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் திறப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

என் தொழில் கற்றுத்தந்த ஒன்றைச் சொல்கிறேன். கணினிகள் நிறைந்த தரவு மையங்களுக்குக் காந்தப் பூட்டுப் போட்ட கதவுகள் உண்டு. உள்ளே கோடிக்கணக்கான பவுண் பெறுமதியான பொருள். ஆனாலும் ஆட்கள் தப்பி ஓடவேண்டிய வழியில் உள்ள அந்தக் கதவு, தீ அபாயமணி அடித்தால் திறந்துகொள்ளவேண்டும். மின்சாரம் போனாலும் திறந்துகொள்ளவேண்டும். பக்கத்துச் சுவரில் பச்சைப் பெட்டி ஒன்று இருக்கும், அதை அழுத்தினாலும் திறக்கவேண்டும். எல்லாம் பிழைத்துப் போகும்போது கதவு எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதைப் பொறியியலாளர்கள் முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். உள்ளே மனிதர் இருந்தால் அது திறப்பின் பக்கமே சாயவேண்டும். வங்கியின் பணத்தைக் காக்கும் கதவுக்கே இதுதான் விதி. உங்கள் காதலனைப் பூட்டும் கதவுக்கு இதைவிடக் குறைந்த விதி போதும் என்று எந்த நியாயத்தில் நினைக்கிறீர்கள்?

அந்த விதியை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் வேண்டுமா? செல்மேட் என்ற பெயரில் ஒரு சீன நிறுவனம் ஆண்குறிப் பூட்டு ஒன்றை விற்றது. கைப்பேசிச் செயலியால் இயங்குவது. திறப்பு இன்னொருவரின் செயலியில் இருக்கும். 2020 ஒக்டோபரில் பிரித்தானியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதன் ஓட்டையை வெளியிட்டார்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் எல்லாப் பூட்டுகளையும் ஒரேயடியாக மூடிவிடலாம். கையால் திறக்க மாற்று வழி எதுவும் அதில் இருக்கவில்லை. உலோகத்தை வெட்டவேண்டும், வெட்டவேண்டிய இடம் எதுவென்று நான் விளக்கத் தேவையில்லை. சிறிது காலத்தில் சிலரிடம் பிட்கொயினில் கப்பம் கேட்டு மிரட்டலும் வந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொறியில் மாட்டியவர்கள் தம் துணையை நம்பியதில் தவறில்லை. துணையின் கையில் இருப்பதாக அவர்கள் நினைத்த திறப்பு உண்மையில் யார் கையிலும் இருந்தது.

ஆகவே கூண்டு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இவை பேரம்பேசும் விடயங்கள் அல்ல. திறப்பு இரண்டு வேண்டும். ஒன்று உள்ளே இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில். அதைவிட நல்லது, பூட்டே இல்லாமல் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கொக்கி. கதவு சாத்தியிருக்கிறது என்ற உணர்வே பெரும்பாலானோருக்குப் போதும். பூட்டை வெட்டும் கத்தரி அதே அறையில் இருக்கட்டும். அடைத்தவர் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. கடைக்கும் இல்லை, சிகரெட்டுக்கும் இல்லை. கமரா வைத்துவிட்டுப் போனேன் என்பவருக்கு: கமரா புகையைப் பார்க்கும், பூட்டைத் திறக்காது. குடித்தவரோ போதையில் இருப்பவரோ உள்ளேயும் போகக்கூடாது, திறப்பையும் தொடக்கூடாது. வாய்க்குள் எதையாவது கவ்வியிருப்பவரால் நிறுத்தச் சொல்லைச் சொல்ல முடியாது. ஆகவே கையில் ஒரு பந்தைக் கொடுங்கள். பந்து விழுந்தால் கதவு திறக்கவேண்டும், ஏன் என்று கேட்பது பிறகு. முகமூடியோடு மூடிய பெட்டிக்குள் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முழங்காலை மடக்கி ஒரே நிலையில் நெடுநேரம் கிடந்தால் நரம்பு அழுந்தும், கால் மரக்கும், இரத்தம் உறையவும் கூடும். ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு, மூடிய இடத்துப் பயம் எதுவானாலும் உள்ளே போகுமுன் சொல்லவும் கேட்கவும் வேண்டும். முதல் தடவை பத்து நிமிடம் போதும், கதவு பூட்டாமல். நாய்க்கென்று செய்த மலிவுக் கூண்டின் அடித்தட்டு மனித எடைக்குச் செய்தது இல்லை. கம்பி முனைகள் கிழிக்கும். தண்ணீர், போர்வை, நேரம் காட்டும் ஒரு மணிக்கூடு. வெளியே வந்தபிறகு அரைமணி நேரமாவது கூட இருங்கள். மனிதப் பேச்சு திரும்பிவர நேரமெடுக்கும்.

இவையெல்லாம் சுகத்தைக் கெடுக்கும் என்பவர்களுக்கு நான் தரும் பதில்: திறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் கூண்டுக்குள் கண்ணை மூடிப் படுத்துப் பாருங்கள். நாயால்கூட முடியாது.

ஸ்ட்ராஸ்பேர்க்கிலிருந்து இன்னொரு தீர்ப்பு இதற்குப் பொருந்தும். 2005இல், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு நீதிபதியும் ஒரு மருத்துவரும் தங்கள் தண்டனையை எதிர்த்துப் போனார்கள். அவர்கள் இருந்த வட்டத்திலும் விதிகள் இருந்தன. ஆனால் அந்தப் பெண் நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது அவர்கள் நிறுத்தவில்லை. தன் உடலைத் தான் விரும்பியபடி நடத்தும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணின் விருப்பம் மதிக்கப்படாத இடத்தில் அந்த உரிமையைக் காட்டித் தப்ப முடியாது என்றும் சொன்னது. 1997இன் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இதை வரிக்கு வரி ஏற்கிறேன்.

இப்போது நம் வீடுகளுக்கு வருகிறேன்.

இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பெடியன், இருபத்து மூன்று வயது, பல்கலைக்கழகம் முடித்து முதல் வேலையில் இருந்தவன். செயலி ஒன்றில் சந்தித்த ஒருவரின் வீட்டுக்குப் போனான். கூண்டுக்குள் போகச் சம்மதித்தான். அந்த ஆள் பூட்டிவிட்டுத் திறப்போடு வெளியே போனார். நாற்பது நிமிடம். அதுவும் விளையாட்டின் பகுதி என்று திரும்பிவந்து சொன்னாராம். பெடியன் முதல் பத்து நிமிடம் காத்திருந்தான், பிறகு கத்தினான், பிறகு கத்துவதை நிறுத்தினான். பக்கத்து வீட்டார் கேட்டு உள்ளே வந்தால் தன்னை இந்தக் கோலத்தில் பார்ப்பார்கள் என்பது நினைவுக்கு வந்ததால் நிறுத்தினான். இதை அவன் எனக்குச் சொன்னது எட்டு மாதம் கழித்து. பொலிசுக்குப் போனாயா என்று கேட்டேன். "அம்மாக்குத் தெரிஞ்சிடும் அண்ணா" என்றான். எங்கே போகிறாய் என்று ஒரு நண்பனிடமாவது சொல்லிவிட்டுப் போனாயா என்று கேட்டேன். என்னவென்று சொல்வது, சொல்லத் தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை என்றான்.

அவனைப் பூட்டியவர் செய்தது குற்றம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் அவன் கத்துவதை நிறுத்தியது யாரால்? அந்த வாயைப் பொத்திய கை நம்முடையது. நம் வரவேற்பறைகளில், கலியாண மண்டபங்களில், கோவில் வீதிகளில், 'சீ' என்ற ஓரெழுத்தால் வளர்த்த வெட்கம் அது. அந்த 'சீ' எவரையும் கூண்டுக்குப் போகாமல் தடுத்ததில்லை. யாருக்கும் சொல்லாமல் போகவைத்தது, அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போகிறவனுக்குத் தேடிவர ஆள் இருக்கிறது. ஒளித்துப் போகிறவனுக்கு இல்லை. வெட்கம் ஒழுக்கத்தைக் காப்பதாக நினைக்கிறீர்கள். அது காப்பது திறப்போடு வெளியே போன அந்த ஆளை.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ பிரிவுகள் இன்னும் கிடக்கின்றன. அதை வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போனான் என்று மேடைகளில் கோபப்படுகிறோம். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் வந்து குடியேறியபிறகு, அந்தப் பிரிவுகளை மடித்து எங்கள் சூட்கேசில் கொண்டுவந்து பிள்ளைகளின் அறைக்குள் வைத்தது எந்த வெள்ளைக்காரன்?

எந்தக் கூண்டைப் பார்த்து நமக்கு அருவருப்பு வருகிறது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். காதலித்தாள் என்று தெரிந்ததும் மகளின் கடவுச்சீட்டைப் பறித்து அலுமாரியில் பூட்டிய வீடுகளை நம் எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து மணமுடித்துக் கூட்டிவந்த பெண்ணுக்கு வாசல் திறப்பு ஒன்று வெட்டிக் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த வீடுகளையும் தெரியும். அங்கே போய்ச் சோறு தின்றிருக்கிறோம். 'கண்டிப்பான மனிசன்' என்று சொல்லிக் கை கழுவியிருக்கிறோம். அந்த வீடுகளில் கம்பி இல்லை என்பதால் அவை கூண்டு இல்லையா? என் இரண்டு கேள்விகளையும் அந்த வாசலில் நின்று கேளுங்கள். அவள் விரும்பி உள்ளே போனாளா? நினைத்த கணத்தில் வெளியே வர முடியுமா? விடை தெரிந்தபிறகு, எந்தக் கூண்டைப் பற்றி இந்தச் சஞ்சிகையில் கண்டனக் கட்டுரை வரவேண்டும் என்று முடிவெடுங்கள்.

ஒரு விட்டுக்கொடுப்பு. பிரைட் ஊர்வலங்களில் நாய் முகமூடியோடு நடப்பவர்களைப் பார்த்துவிட்டு, 'பார்க்கிற எங்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்' என்பவர்கள் உண்டு. முகமூடி ஓர் உடை. அதற்குச் சம்மதம் கேட்கவேண்டியதில்லை. ஆனால் கூண்டும் அதற்குள் நடப்பதும் மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கவேண்டியவை என்றே நானும் நினைக்கிறேன். அந்தரங்கம் என்பது வேறு, இரகசியம் என்பது வேறு. அந்தரங்கத்துக்கு எல்லை நான் போட்டது. இரகசியத்துக்கு எல்லை நீங்கள் போட்டது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சாவி என்று சொல்வதில்லை, திறப்பு என்போம். பூட்டுவதும் அதே இரும்புத் துண்டுதான், ஆனாலும் நம் சனம் அதற்குத் திறப்பதை வைத்தே பெயர் வைத்தது. எனக்கு அதில் ஒரு முழு அறமும் இருப்பதாகப் படுகிறது.

ஆகவே இரண்டே இரண்டு கோரிக்கைகள். கூண்டு வைத்திருப்பவர்களே, திறப்பை உள்ளே இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். முடியாதென்றால் கூண்டை விற்றுவிடுங்கள். பிள்ளை வளர்ப்பவர்களே, உங்கள் மகனோ மகளோ என்றோ ஒரு நாள் இரவு பத்து மணிக்கு எங்கிருந்தாவது தொலைபேசி எடுத்து 'என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ' என்றால், ஏன், எங்கே, யாரோடு என்று கேட்காமல் கார்த் திறப்பை எடுங்கள். எடுப்பீர்கள் என்பதை இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.